இடப்பக்கம் சைக்கிள்

அப்பாவின் ஷேவிங் டப்பாவுக்குள் பெரியவள் கையில் அகப்பட்ட அந்தச் சின்ன மருந்துப் புட்டி என்ன மருந்து என்று கேட்டு இந்த வாரம் ஏகப்பட்ட கடிதங்கள். ஒரு வாசகி, "தயவுசெய்து சர்க்கரை வியாதி ஆக்கிவிடாதீர்கள், எல்லாத் தொடரிலும் அப்பாக்களுக்கு அதுதான் வருகிறது" என்று கண்டித்தே எழுதிவிட்டார். சர்க்கரை இல்லை அம்மா. சர்க்கரையாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று இந்த அத்தியாயம் முடியும்போது உங்களுக்கே தோன்றும்.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பெரியவளுக்கு இருபத்துநாலு வயசு, சாலை போடும் கம்பெனியில் வரைபடம் வரைகிறாள். சின்னவனுக்குப் பத்தொன்பது, கல்லூரியில் படிக்கிறான் அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறான். இந்த நாலு பேரும் இன்னும் ஆறு வாரத்தில் ஐரோப்பாவில் போய் இறங்கி, அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பதினெட்டு நாளில் ஐந்து நாடுகளைச் சுற்றப் போகிறார்கள்.

ஓட்டப்போவது அப்பா ஒருத்தர்தான். டிரைவிங் மாஸ்டரின் மகளுக்கு டிரைவிங் தெரியாது என்பது அந்தத் தெருவில் பழைய ஜோக். பதினெட்டு வயசில் அப்பாவிடம் மூன்று நாள் கற்றுக்கொண்டாள். நாலாவது நாள் நடுரோட்டில் காரை நிறுத்தி, இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அங்கே வாடகைக் கார் கொடுப்பவர்கள் அந்த வயசுக்காரனிடம் சாவியைத் தர மாட்டார்கள்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனிமேல் நாலு பேரும் ஒரே காரில் உட்காருவது நடக்கிற காரியமில்லை, அதனால் இந்த வருஷமே போயாக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றதைப் பத்தாவது வாரத்தில் பார்த்தோம். அப்படி என்ன இந்த வருஷமே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஹாலில் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாலு நாற்காலிகளைக் கார் மாதிரி போட்டிருந்தார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இரண்டு மாதமாக வாரம் தவறாமல் நடக்கிற கூத்து இது. இங்கே ரோட்டின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங்கும் இடது சீட்டுக்குப் போய்விடும். முப்பது வருஷப் பழக்கத்தை ஒரே விமானப் பயணத்தில் மறக்க முடியாது, வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

இடது முன் நாற்காலியில் அப்பா. ஸ்டீயரிங்குக்குப் பதிலாகக் கையில் ஒரு பெரிய பாத்திரத்தின் மூடி. பக்கத்தில் அம்மா. அப்பாவுக்குப் பின்னால் பெரியவள், அம்மாவுக்குப் பின்னால் சின்னவன். எதிர்ச் சுவரில் பெரியவள் ஆபீஸ் சுருள்தாளில் வரைந்த வழிப்படம். மூவாயிரத்து நூறு கிலோமீட்டர். அம்மா ஆசைப்பட்ட ஏரி நீல மசியில், சின்னவன் சண்டை போட்டுச் சேர்த்த நாற்பத்தெட்டு வளைவு மலைப்பாதை சிவப்பு மசியில். படத்துக்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில் ஒரு வேலைப் பட்டியல்: அம்மா, முன்பக்கம். பெரியவள், இடப்பக்கம். சின்னவன், வலப்பக்கம்.

யார் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் அது. அந்நிய தேசம், எல்லாமே தலைகீழ், எட்டுக் கண்ணும் ரோட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பயிற்சி இப்படி நடக்கும். சின்னவன் அட்டையில் லாரி, சைக்கிள், குழந்தை, சிவப்பு விளக்கு என்று வரைந்து ஸ்கேல்களில் ஒட்டி வைத்திருந்தான். யாராவது ஒருத்தர் தன் பக்கத்தில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இடப்பக்கம் சைக்கிள்" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்பா "பாத்தேன்" என்று சொல்லி, மூடியைத் திருப்பி, காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். கடைசியில் இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, "இறங்கலாம்" என்று அவர் சொல்லும்வரை ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது. அம்மா ஒருமுறை அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்துவிட்டாள். ஓடுகிற காரிலிருந்து குதித்துவிட்டாள் என்று அப்பா அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலையில் சின்னவனுக்கு வாலாட்டத் தோன்றியது. லாரி அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வலப்பக்கம் யானை" என்றான்.

"பாத்தேன்" என்றார் அப்பா, மூடியைத் திருப்பியபடி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் ஒரு கணம் கழித்துச் சிரித்தார். மனுஷன் இன்றைக்கு நல்ல மூடில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பெரியவள் ஆபீஸுக்குக் கிளம்பினாள். அம்மா மட்டும் சிரிப்பை முதலிலேயே நிறுத்திவிட்டு மேஜையை இழுத்துப் போடப் போனதை அவள் கவனிக்கவில்லை.

மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்களைச் சிக்னலில் நின்று பார்த்தாலே அடையாளம் கண்டுவிடலாம். தனியாக ஓட்டும்போதும் உதடு அசைந்துகொண்டிருக்கும். முன்னால லாரி, வலப்பக்கம் ஸ்கூட்டர், இடப்பக்கம் ஒரு அம்மா, கையில குழந்தை. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது அவருடைய பாடம். உன் கண் பார்த்ததா இல்லையா என்று பக்கத்தில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும், வாய் சொன்னால்தானே தெரியும் என்பார். சொல்லாமல் ஓட்டினால் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்திவிடுவார். "வாயைத் திற. வாயைத் திற." ஆறு வருஷத்துக்கு முன் பெரியவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்ததும் இந்த 'வாயைத் திற'வால்தான்.

பதினோரு மணிக்குப் பெரியவளின் போன் அடித்தது. அப்பா. ஆபீஸ் நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது.

"கொஞ்சம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றியாம்மா" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வரைந்துகொண்டிருந்த தாளைச் சுருட்டக்கூட இல்லாமல் ஓடினாள்.

ஸ்டேஷனில் ஒரு நீளமான பெஞ்சு. ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் ஒரு பெண். முப்பத்தைந்து வயசிருக்கும். சட்டைக்கை ஓரத்தில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. விடியற்காலை ஷிஃப்டை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்திருந்த பேக்கரிக்காரப் பெண். லைசென்ஸ் வாங்கிவிட்டால் பேக்கரியின் டெலிவரி வேனை அவளிடம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷம் மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள். அந்தச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேசுவதையே குறைத்துக்கொண்டவள். மாஸ்டர் அவளைத் தினமும் வாயைத் திற என்று திட்டிக்கொண்டிருந்தார் என்பது பெரியவளுக்கும் தெரியும். வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நடந்தது இதுதான். ஒன்பதே முக்காலுக்கு, இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு தபால்காரப் பெண்ணின் மேல் வகுப்புக் கார் மோதிவிட்டது. காரின் முன்பக்கத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் அவளுடைய கால் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் எழுத்தர் பொறுமையானவர். பெரியவளிடம் விளக்கிச் சொன்னார். வகுப்புக் காரில் மாஸ்டர் பக்கமும் பிரேக் இருக்கிறது. அவருக்கு அதை மிதிக்க நேரம் இருந்து மிதிக்கவில்லை என்றால் தப்பு அவருடையது. வேலையே போய்விடும், உடம்பு, கண் எல்லாம் பரிசோதிப்பார்கள், கேஸும் உண்டு. நேரமே இல்லாதபடி ஓட்டியவள் எதையாவது செய்திருந்தால் கேஸ் அவள் மேல். இனி இந்த ஜென்மத்தில் அவளுக்கு லைசென்ஸ் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து இருவரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

திங்கட்கிழமை பத்து மணி. அதே திங்கட்கிழமை அதே பத்து மணிக்குத்தான் விசா அலுவலகத்தில் இந்தக் குடும்பம் நாலு பேராக ஆஜராக வேண்டும். அந்தத் தேதிக்கு அவர்கள் ஏழு வாரம் காத்திருந்தார்கள்.

"ஆனா இந்தம்மா இப்பவே வாயால எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் எழுத்தர். "தப்பு தன்னோடதுதானாம்."

பெரியவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் தலையைத் தூக்காமலே பேசினாள். பழக்கமில்லாத வாய், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நான் சொல்லலம்மா. சைக்கிள்னு நான் சொல்லியிருந்தா மாஸ்டர் நிறுத்தியிருப்பாரு. அஞ்சு மாசமா சொல்லு சொல்லுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் சொல்லல."

"நீங்க அந்த சைக்கிளைப் பாத்தீங்களாக்கா?"

"பாக்கல. பாத்திருக்கணும் இல்ல?"

அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று பாடம் நடத்திய மனுஷன் அப்போது வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர் மேல் இந்த இடத்தில் வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவளைப் பேசவிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் செய்தார்.

கார் சாவியை ஒப்படைத்ததற்கு எழுத்தர் ஒரு கையெழுத்து கேட்டார். அப்பாவின் இடப்பக்கமாக நின்று பேனாவை நீட்டினார். பேனா சற்று நேரம் காற்றிலேயே நின்றது. "சார், பேனா" என்று சொன்ன பிறகுதான் அப்பா கழுத்தைத் திருப்பித் தேடி வாங்கினார். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறார் என்று பெரியவள் நினைத்தாள். அப்படி நினைத்த மறு நிமிஷமே, அட்டையில் இல்லாத யானையைப் பார்த்தேன் என்று காலையில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

அவரை ஒரு டாக்ஸியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் மட்டும் அந்தச் சந்திப்புக்கு நடந்தாள்.

வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்து போயிருந்தது. விளக்குக் கம்பத்தடியில் யாரோ மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். மதிலோரம் ஒரு தபால் உறை கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிற விலாசம். கொண்டுபோய் அந்த வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முனையில் சாவி செய்யும் கடை. கடைக்காரர் கேட்காமலே சொன்னார். அந்தம்மா சைக்கிளில் மெதுவாகத்தான் வந்தார்கள், மணிகூட அடித்தார்கள், கார் ஏன் நிற்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை என்றார்.

பெரியவளின் வேலையில் பார்வை முக்கோணம் என்று ஒன்று வரைவார்கள். இரண்டு ரோடு சேருகிற இடத்தில், ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பக்கத்து ரோடு எவ்வளவு தூரம் தெரியும் என்று காட்டுகிற முக்கோணம். அது சின்னதாக இருந்தால் மதிலை இடி, மரத்தை வெட்டு என்று குறிப்பு எழுதுவார்கள். வருஷத்துக்கு நூறு வரைகிறவள் அவள். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, காலடி வைத்து அளந்து, அங்கேயே நின்று வரைந்தாள்.

சந்தின் மதில் முழங்கால் உயரம்தான். மரம் கிடையாது. வகுப்புக் காரில் அப்பா உட்காரும் இடது சீட்டிலிருந்து பார்த்தால் சந்துக்குள் இருபத்திரண்டு மீட்டர் பளிச்சென்று தெரிகிறது. மெதுவாக வருகிற சைக்கிள் அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து செகண்டு ஆகும். முப்பது வருஷம் பிரேக் மேல் கால் வைத்திருந்த மனுஷனுக்கு ஒரு செகண்டு போதும்.

பிறகு வலது சீட்டிலிருந்து, அந்தப் பேக்கரிப் பெண்ணின் கண்ணிலிருந்து ஒரு கோடு போட்டாள். கோடு சந்துக்குள் போகவில்லை. நடுவில் அப்பா இருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் சீட்டில் சாயாமல் முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு நெருக்கமாக உட்காருகிற பழக்கம் வைத்திருந்தார். வீட்டு நாற்காலியிலும் அப்படித்தான். அந்த உடம்பு சந்து முழுவதையும் அவளுக்கு மறைத்திருக்கிறது. அவள் சொல்லாதது மெய்தான், அவளால் பார்த்திருக்கவே முடியாது.

பார்க்க முடிந்தவர் ஒருத்தர்தான். அவரும் பார்க்கவில்லை.

நோட்டை மூடினாள். ஷேவிங் டப்பாவில் இருந்த புட்டியின் மேல் சின்ன எழுத்தில் இருந்த பெயரைப் போன வாரம் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். கேட்க ஆளில்லாமல் அப்படியே விட்டிருந்தாள். இப்போது எதிரே இருந்த மருந்துக்கடையில் காட்டினாள். கடைக்காரப் பெண் ஒரே பார்வையில் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறவர்களுக்கு விடுகிற சொட்டு மருந்து. கண்ணின் ஓரங்களிலிருந்து பார்வை போய்க்கொண்டே வரும், போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இது. யாருக்கு என்று கேட்டாள். பெரியவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வரும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அம்மா, முன்பக்கம். பெரியவள், இடப்பக்கம். சின்னவன், வலப்பக்கம். அது விளையாட்டில்லை, அந்நிய தேசத்துக்கான முன்ஜாக்கிரதையும் இல்லை. இத்தனை நாளாக மாணவர்களின் வாயை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், மூவாயிரத்து நூறு கிலோமீட்டருக்குத் தன் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்து ஓட்டத் திட்டம் போட்டிருக்கிறார். அதில் நாற்பத்தெட்டு வளைவு மலைப்பாதை வேறு. அந்தப் படத்தை வரைந்து கொடுத்ததே அவள்தான்.

நாலு மணிக்கு எழுத்தர் அப்பாவுக்குப் போன் செய்தார். தபால்காரப் பெண் பிழைத்துவிட்டாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டார், சரி என்றார், எழுந்து போய் முகம் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடியது.

அம்மா ஐந்தரைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், அந்தத் தபால்காரப் பொண்ணுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சின்னவன் கல்லூரி மைதானத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

அப்பா எழுந்து மேஜையைத் தள்ள ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். பிராக்டீஸ் என்றார். திங்கட்கிழமை விசா, அதற்குப் பிறகு ஐந்தே வாரம், என்ன நடந்தாலும் பிராக்டீஸை விடக்கூடாது என்றார். யாரையும் பார்க்காமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒரு நாற்காலியின் கால் சின்னவன் பாதத்தில் இடித்தது. அவன் கத்தவில்லை.

யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நாலு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. அப்பா மூடியைப் பிடித்து, முன்னால் குனிந்து, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டார்.

"முன்பக்கம் சிவப்பு விளக்கு" என்றாள் அம்மா, அட்டையைத் தூக்கி. குரலில் உயிரில்லை.

"பாத்தேன்."

"வலப்பக்கம் லாரி" என்றான் சின்னவன்.

"பாத்தேன்."

அடுத்த முறை பெரியவளுடையது. அவள் சைக்கிள் அட்டையை எடுத்தாள். அப்பாவின் இடது தோளுக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால், கையை நீட்டிப் பிடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். மூடி மெதுவாக வலப்பக்கம் திரும்பியது, திரும்பி நேராக வந்தது. சின்னவன் அக்காவின் கையைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அட்டை அப்பாவின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

பெரியவளுக்குக் கை வலித்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. எப்படியாவது திரும்பிப் பாத்துடுங்கப்பா, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டால் போதும், சந்து, முக்கோணம், மருந்துக்கடைக்காரி எல்லாம் பொய்யாகிவிடும். கையை மட்டும் அவள் இறக்கவில்லை.

"இடப்பக்கம் என்ன, யாரையும் காணோம்?" என்றார் அப்பா கடைசியில். "தூங்கிட்டியாம்மா? வாயைத் திற."

அவள் அட்டையை இன்னும் முன்னால் கொண்டுபோனாள். மூடிக்கு நேரே வந்த பிறகுதான் அப்பாவின் கண் அதில் பட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

"எவ்ளோ நேரமா பிடிச்சிருந்த?"

சின்னவன்தான் சொன்னான். "ஒரு நிமிஷம் இருக்கும்பா."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் பாக்கலப்பா?" என்றாள் பெரியவள்.

அம்மா மடியில் இருந்த சிவப்பு விளக்கு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

எட்டு மாதமாகத் தினமும் இரண்டு வேளை தான்தான் சொட்டு மருந்து விடுவதாக அம்மா சொன்னாள். நேராகப் பார்ப்பது அவருக்கு நன்றாகத் தெரியும், எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார், அதனால் எந்தப் பரிசோதனையிலும் மாட்டவில்லை, ஓரம்தான் இல்லை. அதுவும் ஒரு வருஷத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வகுப்பை நிறுத்துங்கள் என்று எட்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், பயணம் முடியட்டும், வந்ததும் நிறுத்திவிடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்.

"அந்த மலையையும் ஏரியையும் கண்ணு போறதுக்குள்ள பாத்துடணும்னார். உங்க ரெண்டு பேரையும் தானே கூட்டிக்கிட்டுப் போகணும்னார். ஒரு தடவை, ஒரே தடவைன்னார். நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

பெரியவள் அம்மாவைத் திட்ட நினைத்தாள். அதை விட்டுவிட்டு, நோட்டைப் பிரித்து, முக்கோணம் வரைந்த பக்கத்தை அப்பாவின் கண்ணுக்கு நேராக நீட்டினாள். அவர் எழுத்துகளை விரலால் தொடர்ந்து படித்தார். படம் அவருக்குப் புரியும். எத்தனையோ சந்திப்புகளை அவரே கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவர்.

"நடுவுல இருக்கிறது நானா?" என்றார்.

"ஆமாப்பா."

"அவளுக்குச் சைக்கிள் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது. தன்னோட தப்புன்னே நம்பிக்கிட்டு இருக்காங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க."

அதே பத்து மணிக்கு விசா என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த வழிப்படத்தைப் பார்த்தார். நேராக இருந்ததால் அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இன்ஜினை அணைக்கவில்லை, ஹேண்ட்பிரேக்கை இழுக்கவில்லை, இறங்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது வருகிற போனை ஸ்பீக்கரில் போடுவது அவருடைய பல வருஷப் பழக்கம். விரல் தானாகப் போய் அழுத்தியது.

"மாஸ்டர், நான்தான்" என்றது பேக்கரிப் பெண்ணின் குரல். பின்னால் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மறுபடி வேலைக்குப் போயிருந்தாள். "அந்தம்மாவுக்குக் காலை எடுத்துட்டாங்களாம். எனக்கு ஒண்ணுமே ஓடல மாஸ்டர். திங்கக்கிழமை பயத்துல எதையாவது உளறி உங்களையும் மாட்டிவிட்டுடுவேனோன்னு இருக்கு. நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க. அப்படியே சொல்லிடறேன்."

முன்பக்கம் அம்மா. இடப்பக்கம் பெரியவள். வலப்பக்கம் சின்னவன். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் எதையும் சொல்லவில்லை.

"மாஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார்.